வெளியே பட்டன், உள்ளே மொட்டை: அதிவேக மின்சார கார்களின் டயர் ஒரு பக்கம் மட்டும் தேய்வது ஏன்?

காரைச் சுற்றிவந்து பார்த்தால் நான்கு டயரும் நன்றாகவே இருக்கின்றன. பட்டன் தெளிவாகத் தெரிகிறது, காற்றும் சரியாக இருக்கிறது. ஆனால், லிஃப்டில் ஏற்றிக் கீழிருந்து பார்க்கும் மெக்கானிக், “பின் டயர் ரெண்டும் உள்பக்கம் மொட்டை சார், கம்பியே தெரியுது” என்கிறார். டெஸ்லா மாடல் எஸ் போன்ற சக்திவாய்ந்த மின்சார கார்களை வைத்திருப்பவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவரும் புகார் இது.

இந்தியச் சாலைகளிலும் இந்த வகை கார்கள் ஓடத் தொடங்கிவிட்டன. 2022-ல் கியா இவி6 வந்தது. 2024-ல் வந்த பிஒய்டி சீல் காரின் உயர்ரக மாடல், 100 கிமீ வேகத்தை 3.8 நொடியில் தொடுகிறது. அதனால் இது ஏதோ அமெரிக்கக்காரர்களின் கவலை என்று ஒதுக்கிவிட முடியாது.

கேம்பர், டோ: என்ன வித்தியாசம்?

காரை முன்னாலிருந்தோ பின்னாலிருந்தோ பார்க்கும்போது, சக்கரம் செங்குத்தாக நிற்கிறதா, சாய்ந்து நிற்கிறதா என்பதுதான் கேம்பர். சக்கரத்தின் மேல்பகுதி காரை நோக்கி உள்ளே சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். அப்போது டயரின் உள்விளிம்பு மீதுதான் எடை அதிகம் இறங்கும்.

டோ என்பது மேலிருந்து பார்க்கும் கோணம். நம் கால் பாதங்களை நேராக வைக்காமல், லேசாக உள்ளேயோ வெளியேயோ திருப்பிவைத்து நடப்பதைப் போல. சக்கரம் காட்டும் திசை ஒன்று, கார் போகும் திசை இன்னொன்று. இடையில் மாட்டிக்கொண்டு டயர் ரோட்டில் உரசிக்கொண்டே போகும்.

கேம்பர் மட்டும் இருந்தால் தேய்மானம் மெதுவாகத்தான் நடக்கும். அதோடு டோவும் தவறிவிட்டால் கதை வேறு. எடை முழுக்க உள்விளிம்பில், உரசலும் அதே இடத்தில்.

0.1 டிகிரி என்றால் சும்மாவா?

ஒரு சக்கரத்தின் டோ, இருக்க வேண்டிய அளவைவிட 0.1 டிகிரி விலகியிருப்பதாக வைத்துக்கொள்வோம். கண்ணுக்குத் தெரியவே தெரியாது. ஆனால், கணக்குப் போட்டால் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் சுமார் 1.75 மீட்டர் பக்கவாட்டில் இழுபடுகிறது. 10,000 கிமீ ஓடி முடிப்பதற்குள் அது 17 கிமீ-க்கு மேல் ஆகிவிடும். ரப்பரை ரோட்டில் அவ்வளவு தூரம் தேய்த்தால் என்ன மிஞ்சும்?

மின்சார காரில் மட்டும் ஏன் அதிகம்?

பெட்ரோல் ஸ்போர்ட்ஸ் கார்களிலும் இது உண்டு. மின்சார காரில் சில காரணங்கள் ஒன்றாகச் சேர்ந்துகொள்கின்றன. முதலாவது எடை. மாடல் எஸ் பிளெய்ட் காரின் எடை பேட்டரியோடு சேர்த்து 2,100 கிலோவுக்கு மேல்.

இரண்டாவது, விசை. இந்த காரின் திறன் 1,020 குதிரைத்திறன். மூன்று மோட்டார்களில் இரண்டு பின்பக்கம் இருக்கின்றன. ஆக்ஸிலரேட்டரை மிதித்த கணமே முழு இழுவிசையும் டயருக்குப் போகிறது. காலை எடுத்தால், அதே மோட்டார்கள் காரை மெதுவாக்கி பேட்டரிக்கு சார்ஜ் ஏற்றுகின்றன. முடுக்கும்போதும் வேகம் குறையும்போதும் பின் டயர் வேலை செய்துகொண்டே இருக்கிறது.

மூன்றாவது, உயரம். ஏர் சஸ்பென்ஷன் உள்ள கார்கள் நெடுஞ்சாலையில் வேகமெடுக்கும்போது காற்றின் தடையைக் குறைக்கத் தாழ்ந்துகொள்ளும். அப்படித் தாழும்போது சஸ்பென்ஷன் அமைப்பு சக்கரத்தை இன்னும் உள்ளே சாய்க்கிறது. ஆக, ரேஞ்சை மிச்சம் பிடிக்கும் அதே வசதி டயரின் ஆயுளைக் கொஞ்சம் தின்றுவிடுகிறது.

தெரிந்தே ஏன் சாய்த்து வைக்கிறார்கள்?

இது தயாரிப்புக் குறைபாடுதான் என்று உடனே சொல்லிவிட முடியாது. வளைவில் வேகமாகத் திரும்பும்போது காரின் எடை வெளிப்பக்கச் சக்கரத்துக்குப் போகும், அந்தச் சக்கரம் வெளியே சாயப் பார்க்கும். முன்கூட்டியே உள்ளே சாய்த்து வைத்திருந்தால், அந்த நேரத்தில் டயர் முழு அகலத்திலும் ரோட்டைப் பிடிக்கும். பாதுகாப்புக்காகச் செய்யும் ஏற்பாடு இது.

சிக்கல் என்னவென்றால், பெரும்பாலானோர் தினமும் ஓட்டுவது நேர் ரோட்டில்தான். ரேஸ் டிராக் வளைவுக்கான அமைப்பை, ஆபீஸுக்குப் போய்வர ஓட்டுபவரின் டயர் சுமக்கிறது. டயர் தேய்மானம் பொதுவாக வாரண்டியிலும் வராது.

ஆபத்து எங்கே இருக்கிறது?

கார் டயரின் பட்டன் ஆழம் குறைந்தது 1.6 மிமீ இருக்க வேண்டும் என்கிறது இந்திய விதி. ஐரோப்பாவிலும் இதே அளவுதான். பிரிட்டனில் இந்த ஆழத்தை டயரின் நடுவிலுள்ள முக்கால் பங்கு அகலத்தில்தான் பார்க்கிறார்கள். அதாவது, ஆழச் சோதனையில் பாஸான டயரின் உள்விளிம்பு மட்டும் அதைவிடத் தேய்ந்திருக்க வாய்ப்பு இருக்கிறது. நெடுஞ்சாலை வேகத்தில் டயர் வெடித்தாலோ, மழைநீரில் வழுக்கினாலோ அந்த ஓரத்தின் நிலைதான் முக்கியம்.

டயரை மாற்றிப் போட்டுச் சமாளிக்கவும் எல்லா கார்களிலும் வழியில்லை. 21 அங்குலச் சக்கரம் உள்ள மாடல் எஸ் பிளெய்டில் முன் டயரின் அகலம் 265 மிமீ, பின் டயர் 295 மிமீ. முன்னதைப் பின்னால் மாட்ட முடியாது. உள்பக்கம், வெளிப்பக்கம் எனத் தனித்தனி வடிவம் கொண்ட டயரை ரிம்மில் திருப்பிப் போடவும் கூடாது.

என்ன செய்யலாம்?

* மாதம் ஒருமுறை நான்கு டயரின் உள்விளிம்பையும் பாருங்கள். முன் சக்கரத்தை ஸ்டியரிங்கைத் திருப்பிவிட்டுப் பார்க்கலாம். பின்பக்கத்தை மொபைலைக் கீழே நீட்டிப் படம் எடுத்தாலே தெரிந்துவிடும்.

* ஆழம் அளக்கும்போது உள், நடு, வெளி என மூன்று இடத்திலும் அளக்கச் சொல்லுங்கள்.

* முன், பின் ஒரே அளவு டயர் என்றால் இடம் மாற்றுங்கள். 10,000 கிமீ-க்கு ஒருமுறை, அல்லது ஆழத்தில் 1.5 மிமீ வித்தியாசம் வந்தால் அதற்கு முன்பே மாற்ற வேண்டும் என்பது டெஸ்லாவின் பரிந்துரை.

* அலைன்மென்ட் என்றால் நான்கு சக்கரத்துக்கும். முன்னால் மட்டும் பார்த்து அனுப்பினால் விடாதீர்கள். ஏர் சஸ்பென்ஷன் கார் என்றால், நிறுவனம் சொல்லும் உயரத்தில் நிறுத்தித்தான் அளக்க வேண்டும்.

* பிரின்ட்-அவுட் கேட்டு வாங்குங்கள். “எல்லாம் பச்சையில இருக்கு” என்பது மட்டும் போதாது. அனுமதிக்கப்பட்ட அளவின் ஓரத்தில் இருந்தாலும் பச்சைதான் காட்டும். டோ நடு அளவில் இருக்கிறதா என்று கேளுங்கள்.

* பெரிய பள்ளத்தில் சக்கரம் இறங்கி அடி வாங்கினால், அடுத்த சர்வீஸ் வரை காத்திருக்க வேண்டாம்.

* கேம்பரைத் திருத்த சில கார்களில் வழியே இருக்காது, அதற்குத் தனி உதிரிப்பாகம் மாட்ட வேண்டும். அப்படி மாட்டினால் வாரண்டி என்னவாகும் என்பதை முதலில் கேட்டுவிடுவது நல்லது.

தேய்ந்த ரப்பர் எங்கே போகிறது என்ற கேள்வியும் இருக்கிறது. தூசாகிக் காற்றிலும் மழைநீரிலும்தான் கலக்கிறது. 2024-ல் ஐரோப்பிய ஒன்றியம் ஏற்றுக்கொண்ட யூரோ 7 விதிமுறை, முதன்முறையாக டயர் தேய்மானத்துக்கும் வரம்பு வைக்கிறது. புகைக்குழாயே இல்லாத மின்சார காருக்கும் இது பொருந்தும். இதுவரை வாங்குபவரின் செலவாக மட்டும் இருந்த தேய்மானம், இனி தயாரிப்பாளர்களின் கணக்கிலும் ஏறும்.