கடல் உயிரின நஞ்சும் கல்லீரல் நொதிகளும்: பரிசோதனை அறிக்கையைப் புரிந்துகொள்ளுதல்

தமிழ்நாடு பொதுச் சுகாதாரச் சட்டம், 1939-இன் கீழ், பாம்புக்கடி 2024 நவம்பரில் அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கப்பட்டது. அரசு, தனியார் மருத்துவமனைகள் அனைத்தும் பாம்புக்கடி நேர்வுகளை அரசுக்குத் தெரிவித்தல் வேண்டும். கீழ்பென்னாத்தூர் வட்டாரத்தில் பாம்புக்கடி என்றதும் வயல்வெளியே நினைவுக்கு வரும். ஆயினும், புதுச்சேரி, மாமல்லபுரம் கடற்கரைகளுக்குச் செல்லும் நீங்கள், கரையில் கிடக்கும் வலையில் கை வைத்தால் கடல் பாம்பு கடிக்கக்கூடும்.

கடல் பாம்பு கடித்த இடத்தில் பெரும்பாலும் வலியோ வீக்கமோ இராது. அரை மணி முதல் சில மணி நேரத்திற்குள் உடலெங்கும் தசைவலியும் தாடை இறுக்கமும் தோன்றும். பின்னர் சிறுநீர் கருஞ்சிவப்பாகும். இரத்தத்தில் எஸ்.ஜி.ஓ.டி., எஸ்.ஜி.பி.டி. நொதிகள் உயர்ந்திருக்கும். இவை 'கல்லீரல் செயல்பாட்டுப் பரிசோதனை' என்னும் தலைப்பில் அச்சிடப்படுவதாலும், சிறுநீரின் நிறத்தாலும், மஞ்சள் காமாலை என்று எண்ணிவிடுதல் எளிது. கீழாநெல்லிச் சாறு கொடுத்துக் காத்திருப்பது உயிருக்கே ஆபத்தாகலாம்.

இந்நொதிகள் கல்லீரலுக்கு மட்டும் உரியவை அல்ல, தசையிலும் உள்ளன. நஞ்சு தசைநார்களைச் சிதைக்கும்போது அவை இரத்தத்தில் கலக்கின்றன. சி.பி.கே. என்னும் தசை நொதி பன்மடங்கு உயர்ந்து, பிலிரூபினும் ஜி.ஜி.டி.யும் இயல்பாக இருப்பின், பாதிப்பு தசையில் என்றே மருத்துவர் கருதுவார். எஸ்.ஜி.ஓ.டி. விரைவில் குறையும், எஸ்.ஜி.பி.டி. மெதுவாகவே குறையும். எனவே சில நாள் கழித்து வரும் அறிக்கையில் பின்னது மட்டும் மிகுந்து காணப்பட்டால், நோய் கல்லீரலுக்குப் பரவியதாக அஞ்ச வேண்டியதில்லை. உண்மையான ஆபத்து, சிறுநீரகச் செயலிழப்பும், பொட்டாசியம் உயர்வால் இதயத்துக்கு நேரும் பாதிப்புமே. மூச்சுத் தசைகளும் செயலிழக்கக்கூடும்.

கண்ணாடி விரியன் கடியிலும் இத்தகைய தசைச்சிதைவு நேரலாம் என்பதால், கடற்கரைக்கே செல்லாதவர்களும் இதனை அறிந்திருத்தல் நன்று. கல்லீரல் நேரடியாகப் பாதிக்கப்படுவதும் உண்டு; ஜெல்லி மீன் நஞ்சைச் செலுத்திய விலங்கு ஆய்வுகளில் அது காணப்பட்டுள்ளது. ஆதலால் முடிவு மருத்துவருடையதே.

இந்தியாவில் தயாராகும் நஞ்சுமுறி மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கிற்கே உரியது. கடல் பாம்புக்கு அன்று. நரம்புவழி நீர்ச்சத்து, டயாலிசிஸ், செயற்கைச் சுவாசம் ஆகியவையே இங்குச் சிகிச்சை. கடிபட்ட இடத்தை அசைக்காமல் 108-ஐ அழையுங்கள். சிறுநீரின் நிறம் மாறிய நேரத்தையும், நோயாளிக்கு முன்பே கல்லீரல் நோயோ மதுப்பழக்கமோ இருந்தால் அதனையும் மருத்துவரிடம் மறைக்காமல் கூறுங்கள்.