சிப் செத்ததா? சிப்பே போலியா?

ஸ்ரீவைகுண்டத்தில் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். பழைய பிளேஸ்டேஷன் விளையாட்டு எந்திரம் ஒன்றை அப்பா வாங்கி வந்திருக்கிறார். பிள்ளைகள் ஆவலோடு உட்கார்ந்திருக்கிறார்கள். சுவிட்சைப் போட்டால் விளையாட்டு வரவில்லை!

"உள்ளே இருக்கும் சிப் போய்விட்டது; புதிது போட வேண்டும்" என்கிறார் ரிப்பேர்காரர்.

பணத்தை எண்ணிக் கொடுக்கும் முன் கொஞ்சம் யோசிக்க வேண்டும்.

கள்ளச்சாவி

பிளேஸ்டேஷன் 1994-ம் ஆண்டு ஜப்பானில் வெளிவந்தது. அதன் அசல் தட்டில் 4 எழுத்து ரகசியச் சொல் ஒளிந்திருக்கும். எந்திரம் அதைப் படித்த பிறகே விளையாட்டு தொடங்கும். நகல் தட்டில் அந்தச் சொல் இராது. "மாட் சிப்" அந்தச் சொல்லைத் தானே சொல்லி எந்திரத்தை ஏமாற்றும். அது ஒரு கள்ளச்சாவி!

சோதனை எப்படி?

முதலில் சிப்பை எடுத்துவிட்டு அசல் தட்டைப் போட வேண்டும். அப்போதும் ஓடாவிட்டால் கோளாறு எந்திரத்தில். புதுச் சிப் வாங்குவது வீண் செலவு.

ஓடினால், சிப்பில் ஈயப்பற்று விட்டிருக்கிறதா என்று பூதக்கண்ணாடியில் பார்க்க வேண்டும். பற்று சரியா? அடுத்து, நன்றாக வேலை செய்யும் வேறு சிப்பை வைத்துப் பார்க்க வேண்டும். அது ஓடினால் பழைய சிப்தான் குற்றவாளி.

அது கெட்டதா, போலியா? அசிட்டோன் நனைத்த பஞ்சால் மேலே துடைத்தால் சில சமயம் தெரியும். கறுப்புப் பூச்சு கரைந்து வந்தால், பழைய சிப்பைத் தேய்த்துப் புதுப் பெயர் அச்சிட்டிருக்கிறார்கள் என்று சந்தேகிக்கலாம்.

முத்துக்கடல் மக்களுக்கு இது புதிதல்ல. பல்லில் உரசினால் முத்து நறநறக்கும். கண்ணாடி மணி வழுக்கும்.

நஷ்டம் யாருக்கு?

2014-ம் ஆண்டு, ஸ்காட்லாந்தின் எப்.டி.டி.ஐ. கம்பெனி கம்ப்யூட்டர்களுக்குப் புதிய மென்பொருள் வெளியிட்டது. அது போலி சிப்புகளின் அடையாள எண்ணைப் பூஜ்யமாக்கியது. கருவிகள் முடங்கின. போலி செய்தவன் தப்பினான். அறியாமல் வாங்கியவர்கள் தவித்தார்கள். கண்டனம் எழவே, கம்பெனி அதைத் திரும்பப் பெற்றது.

இந்தியாவில் 2007-ம் ஆண்டு விதிப்படி, அசல் கம்பெனி பதிவு செய்திருந்தால், போலிச் சரக்கைச் சுங்க அதிகாரிகள் துறைமுகத்திலேயே நிறுத்தலாம். தூத்துக்குடிக்கும் இது பொருந்தும்.

மாட் சிப்புக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. பதிப்புரிமையை மீறும் நோக்கத்தோடு இத்தகைய பூட்டை உடைத்தால் 2 ஆண்டு வரை சிறை, அபராதமும் உண்டு. 2012-ம் ஆண்டு வந்த சட்டத் திருத்தம் இது.

கள்ளச்சாவியே போலியாக இருந்தால் யாரிடம் போய் முறையிடுவது? ரிப்பேருக்குக் கொடுப்பவர்கள் ரசீதையும் கழற்றிய பழைய சிப்பையும் கேட்டு வாங்குவது நல்லது. தரத் தயங்கும் கடையில் பணத்தை நீட்டத் தயங்குவதே புத்திசாலித்தனம்!