டோக்கனைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கலாமா?



இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். கணினி பற்றியது. ஆசிரியர் பயிற்சி முடித்து, ஐந்தாம் வகுப்புக்குக் கணக்கும் தமிழும் நடத்தியவளுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பீர்கள். படித்துவிட்டுச் சொல்லுங்கள். கணினித் துறையில் இருக்கும் பிள்ளைகள் தவறு இருந்தால் திருத்துங்கள். உங்கள் நோட்டில் நான் எத்தனை சிவப்பு மை போட்டிருப்பேன்!

வீரபாண்டித் திருவிழாவுக்கு ஊருக்கு வந்த பழைய மாணவன் ஒருவன் என்னைப் பார்க்க வந்தான். பெயர் சொல்ல வேண்டாம் என்று கேட்டுக்கொண்டான். ஏலக்காயைத் தரம் பிரிக்கும் இயந்திரத்துக்கு மென்பொருள் எழுதும் குழுவில் அவன் மூத்தவன். காய்கள் பெல்ட்டில் ஓடும்போது கேமரா படமெடுக்கும். நிறத்தையும் பருமனையும் பார்த்து மென்பொருள் தீர்ப்புச் சொல்லும். வேண்டாத காயைக் காற்று ஊதித் தள்ளிவிடும். போடியில் ஒரு வியாபாரியிடம் அப்படி ஒன்றை வைத்திருக்கிறார்கள். இரண்டு மூன்று நாளைக்கு ஒருமுறை அது திடீரென்று உறைந்துபோகிறதாம். பெல்ட் ஓடுகிறது, படம் அப்படியே நிற்கிறது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. அணைத்துப் போட்டால் மறுபடி ஓடுகிறது.

"என்னப்பா காரணம்?" என்றேன்.

"புதுசா சேர்ந்த பொண்ணு ஒண்ணு, டீச்சர். அது எழுதுன பகுதியை மாத்துன பிறகுதான் இந்தப் பிரச்சினை. திங்கக்கிழமை ரிப்போர்ட் எழுதணும். அந்தப் பொண்ணு பேரைத்தான் போடணும்."

அது எனக்குச் சுருக்கென்றது. காகிதமும் பென்சிலும் எடுத்துக் கொடுத்து, "அந்தப் பிள்ளை என்ன மாத்துச்சுன்னு எனக்குப் புரியிற மாதிரி சொல்லு. புரியலைன்னா ரிப்போர்ட் எழுதாதே" என்றேன். அன்று அவன் சொன்னதையும், பிறகு நானே கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதையும் என் பாணியில் சொல்கிறேன்.

அந்த மென்பொருளின் பெரும்பகுதி சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதியது. அதன் வயிற்றுக்குள் ஒரு பைத்தான் இன்டர்பிரட்டரை வைத்திருக்கிறார்கள். நிரலை வரிவரியாகப் படித்துச் செய்து காட்டும் மென்பொருள்தான் இன்டர்பிரட்டர். கேமராவை ஓட்டும் வேகமான வேலையை சி பிளஸ் பிளஸ் பார்த்துக்கொள்ளும். அடிக்கடி மாறும் தர விதிகளைப் பைத்தானில் எழுதிவிடலாம். கார்ட்டூன் படம் செய்யும் பிளெண்டர், நாம் தட்டச்சு செய்யும் லிப்ரே ஆபீஸ் போன்றவற்றுக்குள்ளும் பைத்தான் இப்படிக் குடியிருக்கிறது.

ஒரு மென்பொருளுக்குள் ஒரே நேரத்தில் பல வேலைகள் நடக்கும். ஒவ்வொரு வேலையையும் த்ரெட் என்கிறார்கள், தமிழில் இழை. பைத்தானுக்குள் எத்தனை இழைகள் இருந்தாலும் ஒரு சமயத்தில் ஒரே ஒரு இழைதான் பைத்தான் நிரலை ஓட்டலாம். குளோபல் இன்டர்பிரட்டர் லாக் என்ற ஒற்றைப் பூட்டு அதைக் காவல் காக்கிறது. சுருக்கமாக ஜி.ஐ.எல்.

ஏன் இப்படி ஒரு பூட்டு? பைத்தான் தன்னிடமுள்ள ஒவ்வொரு பொருளையும் எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று எண்ணி வைத்துக்கொள்கிறது. எண்ணிக்கை பூஜ்யமானால் அதை அழித்துவிடும். இரண்டு இழைகள் ஒரே கணத்தில் அந்த எண்ணைத் தொட்டால் என்ன ஆகும்? இரண்டும் 5 என்று படிக்கும், இரண்டும் 6 என்று எழுதும். வரவேண்டியது 7. பின்னால் ஒருவர் பயன்படுத்திக்கொண்டிருக்கும்போதே எண்ணிக்கை பூஜ்யமாகி, பொருள் அழிந்துபோகும். ஒரே வருகைப் பதிவேட்டில் இரண்டு ஆசிரியர்கள் ஒரே நேரத்தில் எழுதினால் வரும் குழப்பம்தான்.

இதைக் கேட்டதும் எனக்கு ரயில்தான் நினைவுக்கு வந்தது. நம் மதுரை–போடி பாதை ஒற்றைப் பாதை. மீட்டர் கேஜ் ரயில் 2010 கடைசியில் நின்றது. அகலப் பாதையாகி 2022 மே மாதம் தேனிக்கும், 2023 ஜூனில் போடிக்கும் ரயில் வந்தது. அந்தக் காலத்து ஒற்றைப் பாதைகளில் டோக்கன் என்று ஒன்று கொடுப்பார்கள், பெரியவர்கள் பார்த்திருப்பீர்கள். பிரம்பு வளையத்தில் தோல் பை, அதற்குள் ஒரு உலோக உருண்டை. இரண்டு நிலையங்களுக்கு நடுவே ஒரு சமயத்தில் ஒரு உருண்டைதான் வெளியே வரும்படி கருவியைப் பூட்டியிருப்பார்கள். அது கையில் இல்லாமல் ஓட்டுநர் வண்டியை எடுக்கமாட்டார். அடுத்த நிலையத்தில் அதை ஒப்படைத்துவிட வேண்டும்.

ஜி.ஐ.எல். அந்த உருண்டைதான். சி பிளஸ் பிளஸ் பக்கமிருந்து பைத்தானைத் தொட நினைக்கும் எந்த இழையும் முதலில் டோக்கன் வாங்க வேண்டும், முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். வாங்குவதற்கு ஒரு கட்டளை, தருவதற்கு ஒரு கட்டளை. ஜில்ஸ்டேட் என்ஷூர், ஜில்ஸ்டேட் ரிலீஸ் என்பார்கள். எத்தனை முறை வாங்கினோமோ அத்தனை முறை தர வேண்டும்.

இதில் முதல் பொறி தொடக்கத்திலேயே இருக்கிறது. பைத்தானை முதலில் எழுப்பிவிடும் இழையின் கையில் டோக்கன் தானாகவே வந்து உட்கார்ந்துவிடும். அதைக் கீழே வைக்காமல் அந்த இழை வேறு வேலைக்குப் போய்விட்டால், மற்ற இழைகள் எல்லாம் வரிசையில் நின்றே கிடக்கும். ஓட்டுநர் உருண்டையைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போன கதை. இதை அவர்கள் முன்பே பார்த்துச் சரிசெய்திருந்தார்கள்.

அவர்கள் மாட்டிக்கொண்டது இரண்டாவது பொறியில். கேமரா எடுக்கும் படங்களை வைத்திருக்கும் இடத்துக்கு சி பிளஸ் பிளஸ் பக்கத்தில் தனியாக ஒரு பூட்டு இருக்கிறது. கேமரா இழை அந்தப் படப்பூட்டைப் போட்டு, அதைக் கையில் பிடித்துக்கொண்டே, "இந்தக் காய் எந்தத் தரம்?" என்று பைத்தானைக் கேட்கப் போகிறது. அதற்கு டோக்கன் வேண்டும், காத்திருக்கிறது. அதே கணத்தில் பைத்தானுக்குள் ஓடும் இன்னொரு இழை, கையில் டோக்கனோடு, "கடைசிப் படத்தை இன்னொரு முறை கொடு" என்று சி பிளஸ் பிளஸ் பக்கம் வருகிறது. அதற்குப் படப்பூட்டு வேண்டும், அதுவும் காத்திருக்கிறது. ஒரு வண்டியிடம் டோக்கன் இருக்கிறது, பிளாட்பாரம் இல்லை. இன்னொரு வண்டி பிளாட்பாரத்தில் நிற்கிறது, டோக்கன் இல்லை. இதற்கு டெட்லாக் என்று பெயர்.

"பைத்தான் அப்பப்ப டோக்கனை மாத்திக் கொடுக்கும்னு சொன்னியே?" என்று கேட்டேன். கொடுக்கும்தான். வேறு இழை காத்திருந்தால், 5 மில்லிநொடிக்கு ஒருமுறை விட்டுக்கொடுக்கச் சொல்லும். ஆனால் அந்த நாட்டாமை பைத்தான் நிரல் ஓடும்போது மட்டும்தான். டோக்கனோடு சி பிளஸ் பிளஸ் பக்கம் போய் நிற்கும் இழையை அதனால் அசைக்க முடியாது. அங்கே நாமாகக் கீழே வைத்தால்தான் உண்டு.

அந்தப் பெண் செய்த மாற்றம் என்ன தெரியுமா? சந்தேகமான காய்க்கு இன்னொரு முறை படம் கேட்கும் ஒரு வரி. அவள் எழுதிய பைத்தான் சரி. இவன் குழு முன்பு எழுதிய கேமரா பகுதியும் தனியாக ஓட்டினால் சரி. இரண்டு இழைகளும் அந்த நுண்ணிய இடைவெளியில் மோதினால்தான் உறையும். அதனால்தான் அலுவலகத்தில் ஒற்றைக் கேமரா வைத்துச் சோதித்தபோது ஒன்றும் தெரியவில்லை. நாள் முழுக்க ஓடும் போடியில் தெரிந்தது.

அவன் படம் வரைந்து முடித்துவிட்டு ரொம்ப நேரம் பேசவில்லை. எனக்கும் பேச்சு வரவில்லை, வேறு காரணத்தால்.

பல வருடங்களுக்கு முன்னால் ஐந்தாம் வகுப்பில் இரண்டு பையன்களுக்கு ஒரே ஜியாமெட்ரி பெட்டி. வட்டம் வரைந்து அளக்கச் சொல்லியிருந்தேன். ஒருவன் கவராயத்தைப் பிடித்துக்கொண்டு அளவுகோலுக்குக் காத்திருந்தான். மற்றவன் அளவுகோலைப் பிடித்துக்கொண்டு கவராயத்துக்குக் காத்திருந்தான். பாடவேளை முடிந்தும் இரண்டு நோட்டும் வெள்ளையாக இருந்தன. கடைசியாக வாய் திறந்து, "இவன் தரமாட்டேங்கிறான் டீச்சர்" என்றவனுக்கு அடி விழுந்தது. அவன் மேல் என்ன தப்பு? எதை முதலில் எடுப்பது, காத்திருக்கும்போது எதைக் கீழே வைப்பது என்று நான் சொல்லிக்கொடுக்கவே இல்லை. அந்தப் பையன் இதைப் படித்துக்கொண்டிருந்தால், தம்பி, மன்னித்துக்கொள்.

என் கருத்து இதுதான். இரண்டு பேர் ஒருவருக்காக ஒருவர் காத்து உறைந்து நின்றால், அங்கே குற்றவாளியைத் தேடக் கூடாது. முறை இருந்ததா என்று தேட வேண்டும். கடைசியாகத் தொட்டவர் பெயரை எழுதுவது சுலபம். அப்படி எழுதினால் அந்தப் பெண்ணின் வேலை போயிருக்கலாம், இயந்திரம் மட்டும் உறைந்துகொண்டே இருந்திருக்கும். அவளுடைய வரியை நீக்கினாலும் பொறி உள்ளேயே கிடக்கும், நாளைக்கு இன்னொரு பிள்ளை வந்து மிதிக்கும். தினமும் இரவில் அணைத்துப் போடுவதும் வைத்தியம் இல்லை.

வைத்தியம் இரண்டே விதி. கேமரா இழை படத்தைப் பிரதி எடுத்துக்கொண்டு, படப்பூட்டைத் திறந்துவிட்டு, அதன் பிறகே டோக்கன் கேட்க வேண்டும். பைத்தானிலிருந்து வெளியே வரும் இழை, வேறு எந்தப் பூட்டுக்கும் காத்திருக்கும் முன் டோக்கனைக் கீழே வைக்க வேண்டும். திங்கட்கிழமை அவன் எழுதிய அறிக்கையில் யார் பெயரும் இல்லை, இந்த இரண்டு விதிகள்தான் இருந்தன. கூடவே மூன்றாவதாக ஒன்று: மென்பொருளை மூடும்போது இழைகள் எல்லாம் வேலையை முடித்த பிறகே பைத்தானை மூட வேண்டும். தண்டவாளத்தில் வண்டி இருக்கும்போது நிலையத்தைப் பூட்டக் கூடாதல்லவா? ஒரு மாதமாக இயந்திரம் நிற்கவில்லை என்று நேற்று போன் செய்தான். அந்த விதிகளை இழைகளின் படத்தோடு சுவரில் ஒட்டியவள் அந்தப் பெண்தானாம்.

"அந்தப் பூட்டையே எடுத்துடுறாங்களே டீச்சர்" என்று சிலர் சொல்வீர்கள். உண்மைதான். சாம் கிராஸ் என்பவர் வழி சொன்னார், பைத்தான் குழு 2023-ல் ஏற்றுக்கொண்டது. 2024 அக்டோபரில் வந்த 3.13 பதிப்பில் சோதனையாகவும், 2025 அக்டோபரில் வந்த 3.14 பதிப்பில் முறைப்படியும் பூட்டில்லாத பைத்தான் கிடைக்கிறது. இன்னும் அது விரும்பினால் எடுத்துக்கொள்ளும் தனி வகைதான். நல்ல முன்னேற்றம், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஒற்றைப் பாதை இரட்டைப் பாதையானால் சிக்னல் வேண்டாம் என்று ஆகிவிடுமா? ஒரு பெரிய பூட்டு செய்த காவலைப் பல சின்னப் பூட்டுகள் செய்ய வேண்டும். நம் படப்பூட்டு போன்றவை அப்படியே இருக்கும். வெளியிலிருந்து வரும் இழை பைத்தானிடம் பதிவு செய்துகொண்டுதான் உள்ளே போக வேண்டும் என்பதும் மாறவில்லை. பூட்டு போனதால் ஒழுங்கு தேவையில்லை என்று நினைப்பவர்தான் முதலில் மோதுவார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். 2019-ல் வந்த நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் பாடநூலில் பைத்தானையும் சி பிளஸ் பிளஸையும் இணைப்பது பற்றி ஒரு பாடம் இருக்கிறது. கிராமத்துப் பிள்ளைக்கும் அது கிடைக்கிறது என்பதில் எனக்குப் பெருமை. என் மாணவர்களில் அந்தப் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இருக்கிறீர்கள். அந்தப் பாடத்துக்குப் பிறகு ஒரே ஒரு பாடவேளை ஒதுக்குங்கள். கணினி வேண்டாம். இரண்டு பிள்ளைகளை முன்னால் நிறுத்தி, ஒரு கவராயமும் ஒரு அளவுகோலும் கொடுத்து, வட்டம் வரைந்து அளக்கச் சொல்லுங்கள். அவர்கள் மாட்டிக்கொள்ளும் வரை பேசாமல் இருங்கள். அப்புறம், விதியை அவர்களையே எழுதச் சொல்லுங்கள்.

கைப்பிரம்பை மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்