கொட்டகமக் கல்லும் இருகரை அரசும்

கேகாலை மாவட்டத்திற் கொட்டகம என்னுமோர் ஊர் உளது. அவ்வூரிற் கண்டெடுக்கப்பட்ட கல்லொன்றிலே தமிழ் வெண்பா ஒன்று பொறிக்கப்பட்டிருக்கிறது. தொல்பொருட் பகுதியைச் சேர்ந்த பெல் துரை 1892ஆம் ஆண்டிலே கேகாலைப் பகுதியைப் பற்றி எழுதிய அறிக்கையில் இதனை வெளியிட்டார். பாட்டின் தலையில் 'சேது' என்னும் சொல் நிற்கின்றது. யாழ்ப்பாணத்து ஆரியச்சக்கரவர்த்திகளின் காசுகளிலும் அச்சொல்லே காணப்படும். சிங்கைநகர் ஆரியனை அடைந்து பணியாத அநுரை வேந்தரின் மாதர் கண்ணீர் சொரிந்து திலகம் அழிந்து நின்றனர் என்பது பாட்டின் கருத்து. எழுத்தின் வடிவை நோக்கி 14ஆம் நூற்றாண்டினது என்பாரும் 15ஆம் நூற்றாண்டினது என்பாரும் உளர். எவ்வாறாயினும், யாழ்ப்பாணத்து மன்னன் படை இன்றைய சப்பிரகமுவ வரை வந்து சென்றதற்கு இக்கல் சான்றாக நிற்கின்றது.

இக்கல்லைப் பற்றி நம்மவர் பேசும் முறையைக் குறித்து, சப்பிரகமுவத் தோட்டப் பகுதியிலே வாழும் பழைய மாணவராகிய நாம் சில கூற விரும்புகின்றோம். விழா மலர்களிற் பழம்பெருமை பேசுவது மரபு. அம்மரபை நாம் வெறுப்பவரல்லேம். ஆயினும் எவருடைய பெருமையை எவர் பேசுகின்றார் என்பதைச் சிறிது எண்ணிப் பார்த்தல் தகும்.

முதலிற் சற்றுத் தொலைவிற் செல்வோம். அயர்லாந்தின் வடகிழக்கு மூலைக்கும் ஸ்கொத்லாந்தின் மேற்குக் கரைக்கும் இடையே உள்ள கடல் மிகக் குறுகிய இடத்தில் ஏறத்தாழ 20 கிலோமீற்றர் அகலமுடையது. அக்கடலின் இருகரையிலும் பரந்து கிடந்தது தால் ரியாத்தா என்னும் கேலிக் மொழி மன்னரின் அரசு. 563ஆம் ஆண்டளவிற் கொலம்பா அடிகள் அயர்லாந்திலிருந்து இக்கடலைக் கடந்து, ஐயோனாத் தீவிலே மடம் அமைத்தார். 574 முதல் ஆண்ட ஏதான் மக் கப்ரான் என்னும் மன்னன் கடற்படையாற் புகழ் பெற்றவன். இருபது வீடுகளுக்கு ஏழு தட்டு இருக்கைகள் கொண்ட இரண்டு படகுகள் வீதம் குடிகள் கொடுத்தல் வேண்டும் என்று அவ்வரசின் பழைய கணக்கொன்று சொல்லுகின்றது. நிலவரியும் தலைவரியும் அறிந்த நமக்கு இப்படகுவரி புதுமையாகத் தோன்றும். கடலையே நாட்டின் நடுத்தெருவாகக் கொண்டவர்க்கு வேறெந்த வரி பொருந்தும்?

இருகரை அரசுக்கு உரிய தொல்லையும் அவர்க்கு இருந்தது. அயர்லாந்துப் பகுதிக் குடிகள் எந்த மன்னனுக்குக் கடன்பட்டவர் என்னும் வழக்குத் திரும் கெட் என்னும் இடத்திற் கூடிய பேரவையில் எழுந்தது. அவ்வவை 575ஆம் ஆண்டிற் கூடியது என்று ஆண்டுக் குறிப்புகள் கூறும். அதற்குப் பிற்பட்டது என்பார் இக்கால ஆய்வாளர். தரைப்படை அயர்லாந்து வேந்தனுக்கு, கடற்படை தால் ரியாத்தா மன்னனுக்கு எனத் தீர்ப்பாயிற்று என்பது அங்கு வழங்கும் மரபுரை. ஒரே குடி இருவர்க்கும் உரியதாகலாம் என்று ஆயிரத்து நானூறு ஆண்டுகளுக்கு முன்னரே கண்டனர் போலும். 1948ஆம் ஆண்டிற் கொழும்பிலே சட்டம் வரைந்தோர்க்கு அத்துணை நெஞ்சகலம் இருந்ததில்லை.

இம்மக்கள் அயர்லாந்திலிருந்து வந்து குடியேறியவர் என்றே நெடுங்காலம் எழுதி வந்தனர். ஆனால் தொல்பொருளறிஞர் இயூவன் காம்பெல் 2001ஆம் ஆண்டில் அக்கூற்றை மறுத்தார். அத்தகைய பெருங் குடியேற்றத்துக்கு மண்ணிற் சான்றில்லை. கடல் இருகரையையும் இணைத்திருந்தமையால் இருகரையினரும் ஒரே மொழியைப் பேசினர். அவர்களைப் பிரித்தவை மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள மலைகளே என்பது அவர் துணிபு. இதனை எல்லாரும் ஒப்பினரல்லர். எனினும் 'வந்தவர் யார், இருந்தவர் யார்' என்னும் கேள்வியே பிழையாக இருக்கலாம் என்று அது நம்மை எண்ணச் செய்கின்றது. நம் நாட்டிலும் பேராசிரியர் கா. இந்திரபாலா 2005ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், தாம் முன்னர்க் கொண்டிருந்த கருத்துகளை மாற்றி, சிங்களவரும் தமிழரும் இத்தீவின் பழங்குடிகளின் வழியிலே உருவானவர் என்று காட்டினார்.

இனி நம் கடலுக்கு வருவோம். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையே ஏறத்தாழ 30 கிலோமீற்றர். தால் ரியாத்தா மன்னர் இக்கடலைப் பார்த்திருந்தால் அஞ்சியிருக்கமாட்டார். நம் மன்னரும் அஞ்சவில்லை. பாண்டியனின் படைத்தலைவனாகிய ஆரியச்சக்கரவர்த்தி 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் யாப்பகூவா மேற் படையெடுத்துப் புத்தரின் பற்சின்னத்தைக் கவர்ந்து சென்றான் எனச் சூளவமிசம் கூறும். அதே பெயர் தாங்கிய மரபினர் பின்னர் யாழ்ப்பாணத்தில் அரசு செய்து, சேதுகாவலர் எனத் தம்மைக் கூறிக்கொண்டனர்.

1344ஆம் ஆண்டில் இபுன் பத்தூத்தா என்னும் மொறோக்கோ நாட்டு யாத்திரிகர் புத்தளத்திலே அவர்களுள் ஒருவனைக் கண்டார். அம்மன்னன் பாரசீக மொழி அறிந்தவன். முத்துக்களைக் காட்டி அவரோடு உரையாடினான். அவனுடைய கப்பல்கள் சிறியனவும் பெரியனவுமாக நூறு, எதிர்க்கரையாகிய மாபாரிலே நிற்கக் கண்டதாக அவர் எழுதிவைத்தார். சிவனொளிபாதம் காண வேண்டும் என்று அவர் கேட்டபொழுது, மன்னன் பல்லக்கும், ஆண்டுதோறும் மலையேறும் யோகியர் நால்வரையும், பிராமணர் மூவரையும், மெய்காவலர் பதின்மரையும், உணவு சுமப்போர் பதினைவரையும் கொடுத்தனுப்பினான். இந்தப் பதினைவரின் பெயர் எந்தக் கல்லிலும் இல்லை. மலைமேற் சுமை தூக்கிய முதல் தமிழராக அவரைக் கொள்ளலாமோ என்று நம் தோட்டத்து நண்பர் ஒருவர் வேடிக்கையாகக் கேட்பதுண்டு.

ஆனால் கடல் ஒருவழிப் பாதையன்று. இதனை நம்மவர் மேடைகளிற் சொல்ல மறந்துவிடுகின்றனர். 12ஆம் நூற்றாண்டிலே முதலாம் பராக்கிரமபாகுவின் தளபதி இலங்காபுரன் இராமேசுவரத்தைக் கைப்பற்றி, அருகிற் பராக்கிரமபுரம் என்னும் அரணையும் அமைத்தான். அவனுக்குப் பின்வந்த நிசங்கமல்லன் இராமேசுவரத்திலே தன் பெயராற் கோயில் எடுத்ததாகக் கல்வெட்டுகளிற் கூறிக்கொண்டான். ஆரியச்சக்கரவர்த்தியின் வரி தண்டுவோரை வெட்டி ஓட்டிக் கோட்டையைக் கட்டிய அழகக்கோனார், வஞ்சி நகரிலிருந்து வந்த குடியில் உதித்தவர். 1450ஆம் ஆண்டளவிற் கோட்டை மன்னனுக்காக யாழ்ப்பாணத்தை வென்ற சபுமல் குமாரன் என்னும் செண்பகப்பெருமாளைச் சேரநாட்டுப் பணிக்கன் மகன் என்று போர்த்துக்கேய ஆசிரியர் எழுதினர். வென்றவரும் தோற்றவரும் கடல் கடந்த உறவினர். கொட்டகமப் புலவன் 'அநுரை' எனப் பாடினானே, அக்காலத்தில் அநுராதபுரம் காடாகிப் பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அரசர் இருந்தவை கம்பளையும் கோட்டையும். புலவர்க்குப் பழம்பெயர் இனிது. பகைவன் பழையவனாயின் வெற்றியும் பெரிதாகும்.

இவற்றையெல்லாம் மாணவர்க்கு எவ்வாறு கற்பிக்கின்றோம்? ஒரு மொழிப் புத்தகத்திற் 'படையெடுப்பு' என்றிருப்பது மற்றொரு மொழி மேடையில் 'திக்குவிசயம்' ஆகின்றது. கொட்டகமக் கல்லைக் காட்டி 'நாம் ஆண்டோம்' என்று முழங்குவோரை நாம் பலகாற் கேட்டிருக்கின்றோம். அப்பாட்டிலே அழுத மாதர் யாவர்? இன்று கேகாலையில் நம் தோட்டத்து வேலிக்கு அப்பால் வாழும் சிங்கள அயலாரின் முன்னோராக அவர் இருத்தல் கூடும். அவர் கண்ணீரைப் பெருமையாக எடுத்துரைக்க நமக்கு நாக்கு எழவில்லை.

இன்னொன்று அதனினும் கசப்பானது. கொட்டகமவைச் சூழ்ந்த மாவட்டத்தில் இன்று தமிழ் பேசுவோரிற் பெரும்பாலார் சிங்கையாரியன் படையோடு வந்தவரல்லர். தட்டப்பாறை முகாமிலும் மண்டபம் முகாமிலும் நாட்கணக்கிற் கிடந்து, கப்பலேறி, ரயிலேறி, பால் வெட்டவும் கொழுந்து பறிக்கவும் வந்தவரின் வழித்தோன்றல்களே அவர். கொழும்பிலிருந்து புறப்பட்ட சிறிய ரயில் 1902இல் அவிசாவளைக்கும் 1912இல் இரத்தினபுரிக்கும் வந்து சேர்ந்தது. மன்னர் கடந்த அதே கடலை இவர்களும் கடந்தனர். மன்னர் கடந்தது வரலாறு எனப்பட்டது. இவர் கடந்தது 'வந்தேறுதல்' எனப்பட்டது.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் இவர்களை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபர் 30இல் ஸ்ரீமாவோ, சாஸ்திரி என்னும் இருவரும் கைச்சாத்திட்ட ஒப்பந்தம் 525,000 பேரை இந்தியாவுக்கும் 300,000 பேரை இலங்கைக்கும் பங்கிட்டது. எஞ்சிய 150,000 பேரை 1974இல் இரு நாடுகளும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டன. திரும் கெட் பேரவையில் ஒரு குடி இரு வேந்தர்க்கும் உரியதாயிற்று. இங்கோ, இரு நாட்டுக்கும் உழைத்த குடி தலை எண்ணிப் பிரிக்கப்பட்டது. அண்ணன் ஒரு கரைக்கும் தம்பி மறுகரைக்குமாகப் போயினர். எஞ்சியோர்க்குக் குடியுரிமை கிட்டுவதற்கு 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

1977, 1981 ஆகிய ஆண்டுகளின் வன்செயல்களில் இரத்தினபுரிப் பகுதித் தோட்டங்களிலே லயங்கள் எரிந்தன. பலர் வடக்கே வவுனியாப் பக்கம் சென்று காடு வெட்டிக் குடியேறினர். ஒரு காலத்திற் சிங்கையாரியர்க்குத் திறை கொடுத்த வன்னிநிலம் அது. அங்கே அவர்களை வரவேற்ற சொற்களுள் ஒன்று 'தோட்டக்காட்டான்' என்பது. இச்சொல்லைச் சொன்னவர் வேற்றினத்தவரல்லர், நம்மவரே. நம் கல்லூரி விடுதியிலும் இச்சொல் ஒலித்ததுண்டு. கேகாலையில் ஒரு கல்லுக்குக் கொடுத்த உறவை, கேகாலையிலிருந்து வந்த மனிதனுக்குக் கொடுக்க மறுத்தோம். மன்னனின் பாட்டு நமது; பாட்டாளியின் பிள்ளை அயலான். இவ்விரண்டையும் ஒரே வாயாற் கூறுதல் இயலாது என்பதே நாம் இங்குச் சொல்ல வந்தது.

தோட்டங்களைத் திறந்த துரைமாரிற் பலர் ஸ்கொத்லாந்துக்காரர். சிவனொளிபாதத்துக்கு அப்பாலுள்ள டிக்கோயாப் பக்கத்துத் தோட்டமொன்றுக்கு டன்கெல்ட் என்று பெயரிட்டனர். டன்கெல்ட் என்பது 849ஆம் ஆண்டளவிற் கென்னத் மக் அல்பின் என்னும் மன்னன் கொலம்பா அடிகளின் புனித எச்சங்களைக் கொண்டு சென்று வைத்த ஊர். வைக்கிங்கு கடற்கொள்ளையரால் இருகரை அரசு சிதைந்த பின்னர், மேற்குக் கரை மன்னர் கிழக்கே நகர்ந்த காலம் அது. அப்பெயர் நம் மலையிலே தேயிலைப் பெட்டிகளின் மேல் ஏறிக் கடல் கடந்தது. முதலில் அயர்லாந்தினர்க்கு வழங்கிய 'ஸ்கொத்' என்னும் பெயரே பின்னர் மறுகரை நாட்டின் பெயராயிற்று. அங்கே எவரும் அதனை அந்நியப் பெயர் என்று கூறித் திருப்பியனுப்ப முயன்றிலர். அவ்வரசின் டனாட் என்னும் குன்றுக்கோட்டையிலும் பாறையிற் செதுக்கிய பாதமொன்று உண்டு. மன்னர் முடிசூடும்பொழுது அதில் அடி வைத்தனர் என்று கருதுவர். நம் மலையிலுள்ள பாதத்தில் எந்த மன்னனும் அடி வைத்துப் பார்க்கவில்லை. சைவர் சிவனடி என்கின்றனர், பௌத்தர் புத்தரடி என்கின்றனர், இசுலாமியர் ஆதமின் அடி என்கின்றனர். பருவகாலத்தில் மூவரும் ஒரே படியில் ஏறுகின்றனர்.

விழாக் குழுவினர்க்கு எமது வேண்டுகோள் சிறியது. மண்டபத்துக்கும் வளைவுக்கும் சேரும் பணத்தில் ஒரு கூறு ஒதுக்கி, கொட்டகமக் கல்வெட்டின் வாசகத்தைத் தமிழ் உரையோடும் சிங்கள மொழிபெயர்ப்போடும் அச்சிடுக. உரை எழுதுவோர் அழுத மாதரையும் மறவாது எழுதுக. கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பாடசாலைகளுக்கும் அயற் சிங்களப் பாடசாலைகளுக்கும் அதனை அனுப்புக. எமது வரலாற்றுக் கழகத்து மாணவர் அடுத்த விடுமுறையில் கொட்டகமவுக்கு வருவாராயின், தங்க இடமும் சோறும் தோட்டத்தில் ஆயத்தமாயிருக்கும். லயத்து வீடுகளிலே தங்குவதற்கு ஆட்சேபமில்லாதவர் முன்னதாகப் பெயர் கொடுத்துவிடுவாராக.