ஐம்பது ரூபாய்ச் சட்டம்

ஐம்பது ரூபாய்! ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் போதுமா, போதாதா என்று உழைக்கும் தோழர் விரல்விட்டுக் கணக்குப் பார்க்கும் தொகை. வாயில்லா ஜீவனை வதைத்தவனுக்கு, முதல் குற்றமாயின், மிருகவதைத் தடைச் சட்டம் விதிக்கும் உச்ச அபராதமும் அதுதான்! குறைந்த அளவோ பத்து ரூபாய். 1960இல் எழுதிய தொகை. விலைவாசி விண்ணை முட்டுகிறது. அபராதம் மட்டும் அன்று நின்ற இடத்திலேயே நிற்கிறது. மூன்றாண்டுக்குள் மறுபடி செய்தால் நூறு ரூபாய் வரை, அல்லது மூன்று மாதம் வரை சிறை, அல்லது இரண்டும்.

சட்டத்தின் வாசகம் மோசமா? இல்லை. 'உரிமையாளர்' என்றால் சொந்தக்காரர் மட்டுமல்ல, அப்போதைக்கு எவர் வசம் பிராணி இருக்கிறதோ அவரும்தான் என்கிறது 2ஆவது பிரிவு. பராமரிப்பவர் துன்பம் நேராமல் காக்கக் கடமைப்பட்டவர் என்கிறது 3ஆவது பிரிவு. வாசகம் வாள், தண்டனை அட்டைக்கத்தி!

ஊருக்குப் போகிறவர் காசு கொடுத்து நாயை ஒருவரிடம் ஒப்படைக்கிறார். தண்ணீர் வைக்காமல் அடைத்துப் போட்டுச் சாகவிட்டால்? பத்து முதல் ஐம்பது ரூபாய்!

வெள்ளையன் 1860இல் எழுதிய தண்டச் சட்டத்தில், நாயைக் கொன்றவனைப் பிடிக்க அதன் விலை பத்து ரூபாயாவது இருக்கவேண்டும். 2024 ஜூலை முதல் வந்த, நம் வாயில் நுழையாத பெயருடைய 'பாரதீய நியாய சன்ஹிதா'வின் 325ஆவது பிரிவு அந்த விலைக்கணக்கை நீக்கி, ஐந்தாண்டு வரை சிறை என்கிறது. நல்லதை நல்லதென்போம். ஆனால் கேடு விளைவிக்கும் எண்ணமோ, விளையும் என்ற அறிவோ இருந்ததென மெய்ப்பிக்க வேண்டும். "மறந்துபோனேன், ஐயா" என்பவனை என்ன செய்வது?

நட்டஈடு கேட்கலாமே என்பர். கேட்கலாம். ஒப்படைத்த பொருளை, விவேகமுள்ளவன் தன் பொருளைக் காப்பதுபோல் காக்கவேண்டும் என்று 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம் சொல்கிறது. சீமை நாய்க்குக் கடைவிலை உண்டு, ரசீது உண்டு, வக்கீலும் உண்டு. குடிசை வாசலில் காவல் கிடக்கும் நாட்டு நாய்க்கு எந்தக் கோர்ட்டு என்ன விலை போடும்? மேய்ச்சலுக்கு விட்ட மாட்டின் காலை ஒருவன் முறித்தால், ஏழையிடம் ரசீது ஏது?

வண்டிமாட்டின் கதை இன்னும் கொடிது. நாளுக்கு ஒன்பது மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது, வெப்பம் 37 டிகிரியைத் தாண்டும் இடத்தில் நண்பகல் முதல் மூன்று மணிவரை பூட்டக்கூடாது என்று 1965ஆம் ஆண்டு விதிகள் கூறுகின்றன. நல்ல விதி! (மனிதனுக்கும் இப்படி ஒன்று இருந்தால் கட்டடத் தொழிலாளி கையெடுத்துக் கும்பிடுவான்.) ஆனால் தெருவில் அகப்படுபவர் யார்? சாட்டை பிடித்த வண்டிக்காரர். "இன்னும் நாலு மூட்டை ஏற்று, இல்லையேல் நாளைக்கு வராதே" என்ற மண்டிக்காரர் மின்விசிறிக்கடியில் வெற்றிலை மெல்லுகிறார்! வண்டிக்காரர் அடிப்பது சரியென்று நாம் வாதாடவில்லை. அடிக்கவைத்தவரையும் கூண்டில் ஏற்றுக என்கிறோம்.

டில்லிதான் திருத்தவேண்டுமா? மிருகவதைத் தடுப்பு பொதுப் பட்டியலில் உள்ளது. ஏறுதழுவுதலுக்காக 2017இல் தமிழகம் இதே சட்டத்தைத் திருத்தியது. குடியரசுத் தலைவர் ஒப்புதலும் கிடைத்தது. 2023இல் உச்சநீதிமன்றமும் ஏற்றது. காளைக்காகத் திறந்த கதவு நாய்க்கும் கழுதைக்கும் திறக்காதா?

கிளைகளில் தீர்மானம் எழுதும் தோழர்கள், அபராதத்தை உயர்த்தக் கேட்பதோடு நில்லாமல், சுமை ஏற்றச் சொன்ன முதலாளியின் பொறுப்பையும், பிராணியை இழந்த ஏழைக்கு நட்டஈட்டையும் சேர்த்தே எழுதி அனுப்புங்கள்.