ஜாக்கிக்கு மூணு பாயிண்ட்!

எங்கள் ஊர் ஆரணியில் 'சீட்டு' என்ற சொல்லுக்கு மூன்று அர்த்தம். மாசா மாசம் கட்டினால் ஏலச்சீட்டு. ஆபீசில் கிழிந்தால் வேலை போச்சு. கையில் விசிறி மாதிரி விரித்துப் பிடித்தால் வீட்டில் சண்டை. மூன்றிலும் அடிபட்டவன் என்ற தகுதியில் இதை எழுதுகிறேன். முதல் இரண்டையும் விடுங்கள். இந்த வாரம் மூன்றாவது சீட்டு.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பெரியப்பா ஆள் அனுப்பினார். வயது 73. ஐம்பது வருஷம் குழித்தறியில் பட்டு நெய்தவர். கண்ணும் முழங்காலும் ஒரே வருஷத்தில் ஸ்டிரைக் பண்ணியதில் தறியை விட்டுவிட்டார். போனபோது திண்ணையில் உட்கார்ந்திருந்தார். மடியில், பேரன் வாங்கிக் கொடுத்த டச் போன்.

"ஏன்டா, ஒனக்கு இருபத்தெட்டு தெரியுமா?"

"முப்பத்தெட்டு ஆவுது பெரியப்பா."

"வயசு யாருடா கேட்டது? ஆட்டம்டா, ஆட்டம்!"

விஷயம் இதுதான். அந்தத் திண்ணையில் முப்பது வருஷம் நாலு பேர் '28' ஆடினார்கள். பெரியப்பாவும் எதிர்வீட்டு மாமாவும் ஒரு ஜோடி. இரண்டு பேரும் ஒருத்தரை ஒருத்தர் 'மச்சான்' என்றுதான் கூப்பிடுவார்கள். எதிர் ஜோடியில் ஒருத்தர் பிள்ளை வேலைக்குப் போன இடம் என்று பெங்களூருக்கும், இன்னொருத்தர் பெண் வீடு என்று ஆவடிக்கும் போய்விட்டார்கள். 2020 ஊரடங்கில் பேரன் புண்ணியத்தில் நாலு பேரும் போனில் மறுபடி ஒன்று சேர்ந்தார்கள். காசு கட்டாத ஆட்டம். ஒரு நம்பர் தருவான். அதை அழுத்தினால் நாலு பேருக்கு மட்டும் தனி ரூம். பக்கத்திலேயே இன்னொரு போனில் கான்ஃபரன்ஸ் கால், ஒருத்தரை ஒருத்தர் திட்டுவதற்கு.

போன வருஷம் எதிர்வீட்டு மாமா காலமாகிவிட்டார். 28-க்கு நாலு கை வேண்டும்.

"ஆள் இல்லேன்னா மிஷினே நாலாவதா உக்காருது" என்றார் பெரியப்பா. "ஆனா அதுக்கு ரோஷமே இல்லடா. எவ்ளோ திட்டினாலும் சும்மா கீது. நீ வந்துடு."

திட்டு வாங்க ஆள் தேடுகிறார் என்று புரிந்தது. ஆனாலும் தயங்கினேன். காரணம், வீட்டில்.

2023-ல் போனில் பணம் கட்டி ரம்மி ஆடினேன். நாலு மாசம். பி.காம். படித்த தோஷம், நஷ்டத்துக்கும் கணக்கு எழுதி வைத்திருந்தேன். போட்டது 14,600 ரூபாய். எடுத்தது 3,200. நிகர நஷ்டம் 11,400. பேங்க் எஸ்.எம்.எஸ்.ஸை மனைவி பார்த்த அன்று, "இதுல ஒரு பட்டுப் புடவை எடுத்திருக்கலாம்" என்றாள். அதற்கப்புறம் இரண்டு நாள் எதுவுமே சொல்லவில்லை. அதுதான் கொடுமை. பட்டுக்குப் பேர் போன ஊரில் பிறந்து, முகம் தெரியாத யாருக்கோ புடவை எடுத்துக் கொடுத்தவன் நான்!

நஷ்டத்துக்குக் காரணம் என் ஆட்டம் மட்டும் இல்லை, ஸார். ஆறு பேர் மேஜையில் பணம் போட்டால், கம்பெனி தன் கமிஷனை எடுத்துக்கொண்டு மீதியைத்தான் ஜெயித்தவனுக்குத் தரும். ஆறு பேர் கணக்கையும் சேர்த்துக் கூட்டிப் பாருங்கள், எந்த ராத்திரியும் கூட்டுத்தொகை நஷ்டம்தான். அசட்டு மூஞ்சிகள் ஆறு. நிச்சய லாபம் கம்பெனிக்கு.

'ரம்மி திறமை ஆட்டம் என்று சுப்ரீம் கோர்ட்டே சொல்லியிருக்கே!' என்பீர்கள். சொன்னது உண்மை. அறுபதுகளின் கடைசியில், ஆந்திராவில் ஒரு கிளப் மேல் போட்ட வழக்கில், ரம்மி மூணு சீட்டு மாதிரி வெறும் அதிர்ஷ்டம் இல்லை, விழுந்த சீட்டுகளை ஞாபகம் வைக்க வேண்டும், அதனால் பெரும்பாலும் திறமைதான் என்றது. ஆனால் கிளப் நடத்துகிறவர் பந்தயத்தில் லாபம் பார்த்தால் அது வேறு விஷயம் என்றும் அதே தீர்ப்பில் இருக்கிறது. முதல் பாதியை மட்டும் விளம்பரத்தில் போடுவார்கள். தமிழ்நாட்டில் 2022-ல் சட்டசபை கொண்டுவந்த தடைச் சட்டம் கவர்னர் மாளிகைக்கும் கோட்டைக்கும் நடையாய் நடந்து 2023 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதே வருஷம் நவம்பரில், ரம்மிக்கும் போக்கருக்கும் அதைப் பொருத்த முடியாது என்றது சென்னை ஹைகோர்ட். கடைசியில் 2025 ஆகஸ்ட்டில் பார்லிமெண்டே ஆன்லைன் பண ஆட்டங்களைத் தடை செய்து சட்டம் போட்டது. காசு இல்லாத ஆட்டத்துக்குத் தடை இல்லை.

இவ்வளவையும் மனைவியிடம் விளக்கினேன். சட்டமெல்லாம் அவளிடம் செல்லவில்லை. 'எதிர்வீட்டு மாமா இடத்தில் உட்கார ஆள் இல்லையாம்' என்றது செல்லுபடியானது. இரண்டு நிபந்தனை. ஆட்டம் முற்றத்தில், எல்லார் எதிரிலும். பேங்க் எஸ்.எம்.எஸ். அவள் போனுக்கு.

சரி, ஆட்டத்துக்கு வருவோம். ஊருக்கு ஊர் சட்டம் கொஞ்சம் மாறும், அடிப்படை ஒன்றுதான். ஒரு கட்டில் ஏழுக்குக் கீழே உள்ளதையெல்லாம் எடுத்துவிட்டால் 32 சீட்டு. ராஜா பெரியவன் என்று இத்தனை நாள் நினைத்திருந்தோம் இல்லையா, இங்கே ஜாக்கிதான் பெரியவன். 3 பாயிண்ட். அடுத்தது ஒன்பது, 2 பாயிண்ட். ஆஸுக்கு 1, பத்துக்கு 1. ராஜா, ராணி, எட்டு, ஏழு இதே வரிசையில் பின்னால் நிற்கும், பாயிண்ட் கிடையாது. ஒரு இனத்துக்கு 7. நாலு இனத்துக்கு 28. ராஜா ராணிக்குப் பூஜ்யம் போட்டு, சேவகனுக்கு மூணு போட்ட ஜனநாயகம்!

முதலில் ஆளுக்கு நாலு சீட்டு. அதை வைத்து ஏலம். ஏலச்சீட்டில் தள்ளிக் கேட்பவன் எடுப்பான். இதில் ஏற்றிக் கேட்பவன் எடுப்பான். ஆரம்பம் 14, அதாவது சரிபாதி. 'நானும் என் ஜோடியும் இத்தனை பாயிண்ட் எடுப்போம்' என்று அர்த்தம். எடுத்தவன் துருப்பு எந்த இனம் என்று ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பான். அப்புறம் மீதி நாலு சீட்டு வரும். இறக்கிய இனம் கையில் இருந்தால் அதைத்தான் போட வேண்டும். இல்லாதவன், 'துருப்பைக் காட்டு' என்று கேட்டு வெட்டலாம். காட்டுகிற வரைக்கும் துருப்புக்கு மரியாதை இல்லை. மாறுவேஷத்தில் வந்த மகாராஜா மாதிரி.

ஒரு வாரம் ஆபீஸ் லஞ்சில் மிஷினோடு பழகினேன். பத்துக்கு ஏழு ஜெயம். காலரைத் தூக்கிக்கொண்டு திண்ணை ஆட்டத்துக்குப் போனேன். முதல் ராத்திரியே சந்தி சிரித்தது.

பெரியப்பா 16 கேட்டிருந்தார். இஸ்பேட் ஜாக்கியை இறக்கினார். என்னிடம் இஸ்பேட்டில் பத்தும் ஏழும். 'பத்து பெரிய சீட்டாச்சே, அப்புறம் உதவும்' என்று சேமிப்பு புத்தியில் ஏழைப் போட்டேன். அடுத்த முறை இஸ்பேட் வந்தபோது அந்தப் பத்தை ஆவடி மாமா வெட்டிக்கொண்டு போனார். முடிவில் எங்களுக்கு 15. ஒரு பாயிண்ட்டில் ஆட்டம் போச்சு.

"பத்தைப் பூட்டி வெச்சி இன்னாடா பண்ணப் போற? வட்டியா வரும்?" என்றது போன்.

அன்றைக்குப் படித்தது முதல் பாடம். ஜோடி அள்ளுகிற சுற்றில் பாயிண்ட்டைக் கொட்டு. எதிரி அள்ளுகிற சுற்றில் பூஜ்யத்தைத் தள்ளு. ரம்மியில் எனக்கு இது யாரும் சொல்லித் தரவில்லை. அங்கே எதிரில் இருப்பவன் எல்லாரும் எதிரி. இங்கே எதிரில் உட்கார்ந்திருப்பவன்தான் சொந்தக்காரன்.

இரண்டாவது பாடம், ஞாபகம். 32 சீட்டையும் ஞாபகம் வைக்க நான் என்ன கம்ப்யூட்டரா? அழாத குறையாகக் கேட்டேன். பெரியப்பா சிரித்தார். "பாவுல இழை அறுந்தா எல்லா இழையையுமா எண்ணுவோம்? அறுந்த எடத்தைத் தடவித் தெரிஞ்சிக்குவோம். போனது இன்னான்னு தெரிஞ்சா, இருக்கிறது தானா தெரியும்."

அப்போதுதான் பி.காம். கை கொடுத்தது. காஸ்ட் அக்கவுண்டிங்கில் ஏ.பி.சி. அனாலிசிஸ் என்று ஒன்று உண்டு. ஸ்டோரில் ஆயிரம் சாமான் இருக்கும்; விலை உசந்த கொஞ்சத்தை மட்டும் கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொள் என்பது அதன் சாரம். நாலு ஜாக்கி, நாலு ஒன்பது. மொத்தம் எட்டே சீட்டு. அதில் மட்டும் 20 பாயிண்ட்! 28-ல் 20. அந்த எட்டையும், துருப்பு எத்தனை விழுந்தது என்பதையும் மட்டும் எண்ணினால் போதும். எண்ண ஆரம்பித்த இரண்டாவது வாரத்திலிருந்து திட்டு பாதியாகக் குறைந்தது.

மூன்றாவது பாடம், பேசாமல் பேசுவது. திண்ணைக் காலத்தில் மூக்கைச் சொறிந்தால் இஸ்பேட், காதைக் குடைந்தால் கிளாவர் என்று சைகை நடந்ததாக இரண்டு ஜோடியும் எதிர் ஜோடி மேல் சத்தியம் பண்ணுகிறது. போனில் மூக்கு தெரியாது. ஆனால் ஆவடி மாமா இருமினால் பெரியப்பாவுக்கு இன்னும் சந்தேகம்தான். சிரிக்காதீர்கள். பிரிட்ஜ் உலகத்தின் பெரிய போட்டிகளில் ஜோடி ஒருத்தரை ஒருத்தர் பார்க்கக் கூடாது என்று மேஜைக்குக் குறுக்கே தட்டியே கட்டுகிறார்கள். அதையும் மீறி, சீட்டு வைக்கிற பலகையை எந்தப் பக்கம் நகர்த்துவது என்பதில் சைகை வைத்திருந்ததாக 2015-ல் ஒரு பெரிய ஜோடி மாட்டியது. நேர்மையான சைகை ஒன்றுதான்: எந்தச் சீட்டை, எப்போது போடுகிறாய் என்பது.

2018-ல் ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் முதல் தடவையாக பிரிட்ஜைச் சேர்த்தார்கள். ஆண்கள் ஜோடிப் பிரிவில் தங்கம் நமக்கு. வாங்கியவர்கள் பிரணாப் பர்தனும் ஷிப்நாத் சர்க்காரும். வயது 60, 56! ஓடவோ தாண்டவோ வேண்டாம்; எதிரில் இருப்பவன் மனசு தெரிந்தால் போதும்.

இந்த ஜாக்கி ராஜ்யம் நம்ம திண்ணையோடு நிற்கவும் இல்லை. இலங்கையில் இதன் அண்ணன் '304'. ஜாக்கி 30, ஒன்பது 20, ஆஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. நாலு இனமும் சேர்ந்தால் 304. டச்சுக்காரர்களின் 'கிளாவர்யாஸ்' ஆட்டத்திலும் துருப்பில் ஜாக்கியும் ஒன்பதும்தான் முதல் இரண்டு இடம். பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கடை விரித்தவர்கள் விட்டுவிட்டுப் போனதாக இருக்கலாம். 1860 நவம்பரில் சென்னையிலிருந்து 'ட்ரூரோ' கப்பலில் டர்பன் போய் இறங்கினார்களே கரும்புத் தோட்டத் தொழிலாளிகள், அவர்கள் வம்சத்தார் அங்கே 24 சீட்டில் ஆடுகிற ஆட்டத்துக்குப் பேர் 'துனி'. அதிலும் கணக்கு 304-தான். ஊரை விட்டுப் போகிறவன் சீட்டுக்கட்டை விடுவதில்லை. ஆவடி போனாலும் சரி, ஆப்பிரிக்கா போனாலும் சரி.

போன புதன்கிழமை ராத்திரி. நான் 18 கேட்டு, துருப்பு ஹார்ட்டின் வைத்தேன். ஆறு சுற்று முடிந்தது. எங்களிடம் 15, அவர்களிடம் 8. ஆளுக்கு இரண்டு சீட்டு பாக்கி. துருப்பு எட்டும் விழுந்தாச்சு. நான் இறக்க வேண்டும். கையில் கிளாவர் ஒன்பது, டைமண்ட் ராஜா. இன்னும் 3 பாயிண்ட் வேண்டும்.

28-ல் 23 போக மீதி 5. என் ஒன்பதுக்கு 2. வராத ஜாக்கி ஒன்றே ஒன்று, கிளாவர் ஜாக்கி. அது எதிரியிடம் இருந்தால் என் ஒன்பதையும் சேர்த்து விழுங்கிவிடும். பெரியப்பாவிடம் இருந்தால்?

யோசித்தேன். மூன்றாவது சுற்றை நான் இஸ்பேட் ஜாக்கியால் அள்ளியபோது, இஸ்பேட் இல்லாத பெரியப்பா கிளாவர் ஆஸைத் தூக்கிப் போட்டார். ஆஸைத் தானம் பண்ணுகிறவர், கையில் அதைவிடப் பெரியதை வைத்துக்கொண்டுதான் பண்ணுவார். என்னிடம் ஏதோ சொல்லியிருக்கிறார்!

கிளாவர் ஒன்பதை இறக்கினேன். பெங்களூர் மாமா எட்டு. பெரியப்பா ஜாக்கி!

20 பாயிண்ட்.

"சபாஷ் மச்சான்!" என்று கத்தினார் பெரியப்பா.

சொன்ன பிறகுதான் அவருக்கே தெரிந்தது. நாலு போனிலும் சத்தம் இல்லை. பெங்களூர் மாமா தொண்டையைச் செருமினார். அது சைகை இல்லை.

"சரி சரி, சீட்டைப் போடு" என்றார் ஆவடி மாமா.

"மிஷின் போடும்யா!" என்றார் பெரியப்பா.

போனை வைத்துவிட்டுத் திரும்பினேன். மனைவி நிலைப்படியில் நின்றிருந்தாள்.

"எவ்ளோ?"

"இருபது."

"ரூபாயா?"

"பாயிண்ட்."

தன் போனை ஒரு தடவை பார்த்தாள். எஸ்.எம்.எஸ். ஒன்றும் இல்லை.

"நாளைக்கும் ஒம்பது மணிக்குத்தானே ஆட்டம்? எட்டரைக்கே சாப்பிட வந்துடுங்க" என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள்.