வார இறுதிக்குக் கட்டுப்படாத கடல்

பெங்களூருக்குக் கடல் இல்லை. கடலில் மூழ்குவோர் உண்டு. நீச்சல் குளத்தில் ஸ்கூபா பயின்று, வெள்ளி இரவு மேற்கே முருதேசுவரத்துக்கோ கிழக்கே புதுச்சேரிக்கோ புறப்பட்டு, திங்கள் காலை அலுவலகத்துக்கோ ஆய்வகத்துக்கோ திரும்பிவிடும் இளைஞர் கூட்டம் இந்நகரில் உருவாகியிருக்கிறது. கொந்தளிக்கும் கடலில் பாதுகாப்பாக முக்குளிப்பது பயிற்சியால் கைவரும் திறன் என்ற நம்பிக்கை அவர்களிடையே வேரூன்றியுள்ளது. அது பாதி உண்மை. பாதி உண்மை என்பதாலேயே ஆபத்தானது.

"அலையெல்லாம் மேலேதான், கீழே அமைதி" என்பது இத்தரப்பின் முதல் வாதம். ஆழம் செல்லச் செல்ல அலையின் அசைவு தேய்கிறது என்பதை மறுப்பதற்கில்லை. ஆனால் எந்த முக்குளிப்பும் கீழேயே முடிவதில்லை. 10 மீட்டர் ஆழத்திலிருந்து நீர்மட்டத்துக்கு வரும்போது அடக்கிய மூச்சு இரு மடங்காக விரியும். நுரையீரலைக் கிழிக்க அதுவே போதும். ஆழத்தைவிட மேல்நீரில்தான் இந்த விரிவு வேகமாக நிகழ்கிறது. அலை ஆளைத் தூக்கி எறிவதும் அங்கேதான். ஏறுமுன் 5 மீட்டர் ஆழத்தில் 3 நிமிடம் நிலைகொள்ள வேண்டும் என்பது பாலபாடம். குளத்தில் எளிதான அந்த 3 நிமிடம் பொங்கும் கடலில் பெரும்பாடு. அதன்பின் எழுந்து தாழும் படகின் ஏணி காத்திருக்கிறது.

திறன்கள் இல்லாமல் இல்லை. படகில் ஏறும்வரை வாயிலிருந்து மூச்சுக்கருவியை எடுக்காதிருத்தல், மேலே வந்ததும் மிதவை அங்கியில் காற்று நிரப்புதல், ஏணியில் ஒருவர் ஏறும்போது அவருக்கு நேர் கீழே நில்லாமை, இருக்குமிடம் காட்டும் மிதவைக் குழாயை உயர்த்துதல் ஆகியன அனைவரும் கற்க வேண்டியவை. ஆனால் இவை எதிர்பாராமல் பொங்கிய கடலிலிருந்து மீள்வதற்கானவை. பொங்குவது தெரிந்தும் இறங்குவதற்கான அனுமதிச் சீட்டு அல்ல.

மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்போர் இதை அறிந்திருந்தனர். இரு பருவக்காற்றுகளுக்கு இடைப்பட்ட அமைதிக் காலத்திலேயே முத்துக்குளிப்பு நடந்தது. மூழ்குபவரின் உயிர் படகில் கயிறு பிடித்திருப்பவரின் கையில் இருந்தது. கொண்டல், கச்சான், வாடை எனக் காற்றுக்கும், நீவாடு என நீரோட்டத்துக்கும் தனிப்பெயர் வைத்திருக்கிறது நெய்தல் தமிழ். அச்சொற்கள் அகராதிக்காகப் பிறந்தவை அல்ல. இன்று இறங்கலாமா என்ற கேள்விக்கு விடைகாணப் பிறந்தவை. குளத்தில் காற்றும் இல்லை, நீவாடும் இல்லை. ஆகவே அங்கே அந்தக் கேள்வியே எழுவதில்லை.

அந்தக் கேள்வியின் இடத்தை இன்று நாட்காட்டி பிடித்துக்கொண்டது. தென்மேற்குப் பருவக்காற்றின்போது முருதேசுவரத்தை அடுத்த நேத்ராணித் தீவில் முக்குளிப்பு நின்றுவிடுகிறது. வடகிழக்குப் பருவத்தில் புதுச்சேரிக் கடல் கலங்குகிறது. பருவத்தின் விளிம்பில் வரும் சனிக்கிழமைதான் சிக்கல். பணம் கட்டியாயிற்று, விடுப்பு எடுத்தாயிற்று, நண்பர்கள் படகில் ஏறிவிட்டார்கள். அங்கே "வேண்டாம்" என்பவர் கோழையாகிறார்.

ஆபத்து கரையோடும் முடிவதில்லை. முக்குளித்தவரின் உடலில் கரைந்த நைட்ரஜன் வெளியேற நேரம் வேண்டும். அதற்குள் காற்றழுத்தம் குறைந்த உயரத்துக்குச் சென்றால் அது குமிழிகளாகி மூட்டுகளையும் நரம்புகளையும் தாக்கக்கூடும். எனவே ஒருமுறை மூழ்கியவர் குறைந்தது 12 மணி நேரமும், பலமுறை மூழ்கியவர் 18 மணி நேரமும் விமானம் ஏறாதிருக்க வேண்டும் என டைவர்ஸ் அலர்ட் நெட்வொர்க் அறிவுறுத்துகிறது. விமான அறையின் காற்றழுத்தம் 2,000 முதல் 8,000 அடி உயரத்துக்கு இணையாக இருக்கும்போது பொருந்தும் அறிவுரை இது. பெங்களூரோ ஏறத்தாழ 3,000 அடி உயரத்தில் இருக்கிறது. ஞாயிறு காலை 11 மணிக்கு இரண்டாம் முக்குளிப்பை முடித்துப் புதுச்சேரியிலிருந்து காரில் கிளம்பி, இரவு 9 மணிக்கு வீடு சேர்பவருக்குக் கிடைத்தது 10 மணி நேரமே. அலையோடு போராடிய களைப்பும், குமட்டி வாந்தியெடுத்து உடல் இழந்த நீரும் அபாயத்தைக் கூட்டுபவை.

"முடிவெடுப்பது படகுக்காரர் பொறுப்பு" என்பது கடைசி வாதம். பணம் திரும்பக் கேட்டுச் சண்டையிடும் கூட்டத்தின் முன் அவர் எத்தனை நாள் உறுதியாக நிற்பார்? பயணத்தைக் கைவிட்டால் பணம் திரும்புமா என்று முன்பணம் கட்டுமுன்பே கேட்க வேண்டும். கடைசி நாளை முக்குளிப்பின்றிக் கரையில் கழிக்க வேண்டும். மாணவர் குழுவில் ஒருவர் மறுத்தாலும் காரணம் கேட்காமல் ஏற்க வேண்டும். இம்மூன்றையும் கற்பிக்காத பயிற்சி எத்தனை சான்றிதழ் வழங்கினாலும் அது குளத்துக்கான பயிற்சியே.